லிஃப்டில் கேட்ட மன்னிப்பு

பாபிலோன் 5 தொடரைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் லாண்டோ மொலாரி, ஜிகார் என்ற இரண்டு பெயர்கள்தான் முதலில் வரும். வரத்தான் வேண்டும். விண்வெளிக் கதைகளில் இரண்டு தூதர்களின் பகையையும் நட்பையும் இவ்வளவு பொறுமையாக, ஐந்து சீசன் நீட்டி, இவ்வளவு வலியோடு சொன்ன தொடர் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நான் எழுத வந்தது லாண்டோவுக்கு இரண்டடி பின்னால் காகிதக் கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவனைப் பற்றி. பெயர் விர் கோட்டோ. சென்டாரி தூதரகத்தின் உதவியாளன். அந்தத் தூதரகமே மொத்தம் இரண்டு பேர்தான்.

பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கட்டுரையில் கதை முழுக்க வெளியே வந்துவிடும். தொடர் முடிந்தது 1998இல். இருந்தாலும் புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, பார்த்துவிட்டு வாருங்கள். கட்டுரை எங்கேயும் ஓடிப்போகாது.

ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி உருவாக்கிய தொடர் இது. மொத்தம் 110 எபிசோடுகள், அதில் 92ஐ அவரே எழுதினார். மூன்றாம், நான்காம் சீசன்களில் வேறு யார் கையும் படவில்லை. கதை நடப்பது 2250களின் இறுதியில், கிட்டத்தட்ட எட்டு கிலோமீட்டர் நீளமுள்ள பாபிலோன் 5 என்ற விண்வெளி நிலையத்தில். மனிதர்களும் வேற்றுக் கோள்காரர்களுமாக இரண்டரை லட்சம் பேர் அதில் வாழ்கிறார்கள். போர் வராமல் பேசித் தீர்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்று கட்டியது. ஐந்து பெரிய அரசுகளின் தூதர்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் சென்டாரி ஒரு காலத்தில் பெரிய பேரரசு, இப்போது பழம்பெருமை பேசிக்கொண்டிருக்கும் நலிந்த அரசு. நார்ன்கள் அந்தச் சென்டாரிகளிடம் அடிமைப்பட்டுக் கிடந்து, போராடி விரட்டியடித்து, இப்போது பலமாகி, பழி தீர்க்கக் காத்திருப்பவர்கள். லாண்டோ சென்டாரி தூதர், ஜிகார் நார்ன் தூதர். இந்த இரண்டு பேருக்கும் நடுவில், இரண்டு பக்கத்து அடியையும் வாங்கிக்கொண்டு, விர்.

சென்டாரி ஆண்களின் தலைமுடி விசிறி மாதிரி மேல்நோக்கி விரிந்து நிற்கும், அந்தஸ்து கூடக் கூட அதன் உயரமும் கூடும். விரின் முடி குட்டை. முதல் சீசனில் அவனைப் பார்த்தால் பருமனான, வியர்த்து வழியும், வாக்கியத்தை ஆரம்பித்துவிட்டு எப்படி முடிப்பது என்று தெரியாமல் தவிக்கும் ஓர் இளைஞன். கைகள் சும்மாவே இருக்காது, ஒன்றையொன்று பிசைந்துகொண்டே இருக்கும். பாபிலோன் 5 தூதர் பதவியைச் சென்டாரி அரசவையில் யாரும் மதிப்பதில்லை, வேண்டாதவர்களைத் தள்ளிவிடும் இடம் அது. லாண்டோவை அப்படித்தான் தள்ளினார்கள். விரை அவன் குடும்பமே தள்ளிவிட்டது, வீட்டில் வைத்திருந்தால் மானம் போகிறது என்று.

பெரும்பாலான ரசிகர்கள் விரைப் பற்றிப் பேசும்போது "லாண்டோவின் மனசாட்சி" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். "பாவம், நல்லவன்" என்று இன்னொரு பாராட்டு. எனக்கு இரண்டுமே போதவில்லை. மனசாட்சி உள்ளே இருந்து முணுமுணுக்கும், அதற்குச் சம்பளம் கிடையாது, பதவி போகும் பயம் கிடையாது. விருக்கு இரண்டும் உண்டு. அவன் ஓர் அரசு ஊழியன். அவன் செய்வதையெல்லாம், நல்லதோ கெட்டதோ, அந்த வேலைக்குள் இருந்துகொண்டே செய்கிறான். அதை விட்டுவிட்டுப் பார்த்தால் அவனைப் பாதிதான் பார்த்ததாக ஆகும்.

லாண்டோவின் வீழ்ச்சி தொடங்குவது ஒரு கேள்வியில். மார்டன் என்ற மனிதன், பளிச்சென்ற சிரிப்போடு, தூதர்களிடம் ஒவ்வொருவராகப் போய் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கிறான். அவனுக்குப் பின்னால் இருப்பது நிழல்கள் என்ற மிகப் பழமையான, பயங்கரமான இனம். லாண்டோ தன் நாட்டின் பழைய பெருமை திரும்ப வேண்டும் என்று கொட்டித் தீர்க்கிறார். அவ்வளவுதான், வலையில் விழுந்தாயிற்று.

இரண்டாம் சீசனில் 'தி கமிங் ஆஃப் ஷேடோஸ்' என்று ஓர் எபிசோடு. 1996இல் ஹியூகோ விருது வாங்கியது. சென்டாரிகளின் வயதான பேரரசர் துர்ஹான் நிலையத்துக்கு வருகிறார். ஏன் வந்தார் என்பது யாருக்கும் தெரியாது. நார்ன்களிடம், தன் முன்னோர் செய்த கொடுமைகளுக்காக நேரில் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார். தன் ஆயுளில் தானாக முடிவெடுத்துச் செய்யும் ஒரே காரியம் இதுவாக இருக்கட்டும் என்று நினைத்து வந்த மனிதர். ஜிகாரைச் சந்திப்பதற்கு முன்பே மயங்கி விழுந்துவிடுகிறார். மருத்துவர் ஃப்ராங்க்ளின் வழியாகத்தான் அந்தச் செய்தி ஜிகாருக்குப் போய்ச் சேருகிறது, அதைக் கேட்டு ஜிகார் மகிழ்ந்துபோய் லாண்டோவைத் தேடிப் போய்க் கைகுலுக்கி, மது வாங்கிக் கொடுக்கிறார். அதற்குள் லாண்டோ மார்டனைக் கூப்பிட்டு ஒரு நார்ன் காலனியைத் தாக்கச் சொல்லியாயிற்று. வேறு யாருக்கும் தெரியாது, விருக்கு மட்டும் தெரியும். ஏனென்றால் மார்டனைக் கூட்டி வா என்று லாண்டோ அனுப்பியது அவனைத்தான்.

அந்த இடத்தில் விர் கெஞ்சுகிறான். இதைச் செய்தால் திரும்பி வர வழியே இருக்காது என்கிறான். லாண்டோ கேட்கவில்லை. அப்புறம் விர் சொல்வதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது: போகிறேன், ஆனால் ஒருநாள் இந்தப் பேச்சை உங்களுக்கு ஞாபகப்படுத்துவேன், அப்போது உங்களுக்குப் புரியலாம். என்று சொல்லிவிட்டுப் போகிறான், போய் மார்டனிடம் செய்தியும் சொல்கிறான்.

இதற்காக விர் மேல் கோபப்படுபவர்களை எனக்குத் தெரியும். கீழே வேலை பார்க்கிறவன் செய்யக்கூடியது அவ்வளவுதானா, மறுத்திருக்கலாமே, ராஜினாமா செய்திருக்கலாமே என்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நானும் ஒருவருக்குக் கீழே ஃபைல் பார்க்கும் வேலையில் இருப்பவன், அதனால் இந்தக் காட்சியை அவ்வளவு சுலபமாகத் தாண்டிப் போக முடிவதில்லை. மேலிருப்பவர் ஒரு முடிவை எடுத்துவிட்டார், அது தப்பு என்று உனக்குத் தெரியும், வாயைத் திறந்து சொல்லியும் ஆயிற்று, இனி அந்தத் தாளை நீதான் அடுத்த மேசைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த நடை எவ்வளவு நீளமானது என்று விரின் முகத்தைப் பார்த்தால் தெரியும். தொடர் அவனை இதிலிருந்து விடுவிப்பதில்லை. அவனும் தன்னை விடுவித்துக்கொள்வதில்லை.

போர் வெடிக்கிறது. நிழல்களின் துணையோடு சென்டாரிகள் ஜெயித்துக்கொண்டே போகிறார்கள். கடைசியில் நார்ன் கோளின் மேல், நகரங்களின் மேல், விண்வெளியிலிருந்து பாறைகளை எறிந்து நொறுக்குகிறார்கள். போர் விதிகள் தடைசெய்த ஆயுதம் அது. லாண்டோ ஒரு போர்க்கப்பலின் ஜன்னலில் நின்று அதைப் பார்க்கும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நார்ன் சரணடைகிறது. ஜிகார் இப்போது தூதர் இல்லை, நிலையத்தில் அடைக்கலம் புகுந்த ஒருவர்.

அடுத்த எபிசோடில் லிஃப்ட்.

விரும் ஜிகாரும் மட்டும். சில நொடிகள் யாரும் எதுவும் பேசுவதில்லை. ஸ்டீவன் ஃபர்ஸ்ட் அந்த மௌனத்தை எப்படி நடித்திருக்கிறார் என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். முதலில் கண் எங்கே வைப்பது என்று தெரியாமல் அலைகிறது, அப்புறம் பேச வேண்டும் என்று முடிவு செய்தது தெரிகிறது, அப்புறம் வாய் திறக்கிறது, வார்த்தை வர இன்னும் கொஞ்சம் தாமதம். தன்னால் எதுவும் செய்ய முடியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்கிறான். ஜிகார் கத்தியை எடுத்துத் தன் உள்ளங்கையைக் கீறிக்கொள்கிறார். ரத்தம் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுகிறது. ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு சொல், செத்துவிட்டார்கள், செத்துவிட்டார்கள், செத்துவிட்டார்கள் என்று. இவர்களிடம் எப்படி மன்னிப்புக் கேட்பாய் என்கிறார். முடியாது என்கிறான் விர். அப்படியானால் என்னாலும் மன்னிக்க முடியாது என்கிறார் ஜிகார்.

அவ்வளவுதான் காட்சி.

ஒரு பேரரசர் சொல்ல வந்து சொல்ல முடியாமல் போன வார்த்தையை, அந்தப் பேரரசிலேயே கடைசிப் படியில் இருப்பவன் லிஃப்டில் சொல்கிறான். துர்ஹான் நேரில் சொல்லியிருந்தால் அது ஓர் அரசின் செயலாக இருந்திருக்கும். 1970 டிசம்பரில் மேற்கு ஜெர்மனியின் பிரதமர் வில்லி பிராண்ட் வார்சாவில் யூதர்களின் கெட்டோ எழுச்சி நினைவிடத்தின் முன் மண்டியிட்டபோது ஒரு நாடே அவரோடு மண்டியிட்டதாக உலகம் எடுத்துக்கொண்டது. விருக்கு அந்த எடை இல்லை. அவன் யார் சார்பிலும் பேச முடியாது. பேசச் சொல்லி யாரும் அனுப்பவும் இல்லை, பேசியது லாண்டோவுக்குத் தெரிந்தால் தொலைந்தான். அதனால்தான் அந்த மன்னிப்பு சுத்தமானது, அதனால்தான் அது போதாது. ஸ்ட்ராசின்ஸ்கி இங்கே ஜிகாரை உருக வைத்திருக்கலாம், தோளில் தட்ட வைத்திருக்கலாம், எத்தனையோ கதைகள் அப்படித்தான் செய்யும். செய்யவில்லை என்பதில் எனக்கு அந்த எழுத்தின் மேல் பெரிய மரியாதை. செத்தவர்கள் சார்பில் மன்னிக்க ஜிகாருக்கு உரிமை இல்லை, அதை அவர் விரிடம் மறைக்கவும் இல்லை.

அப்புறம் விர் என்ன செய்தான் என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாம் சீசனில் லாண்டோ அவனை மின்பார் கோளுக்குத் தூதனாக அனுப்பி வைக்கிறார். தன் கூடவே இருந்தால் இவனும் கெட்டுப்போவான் என்ற கரிசனமும் அதில் இருந்திருக்கும், இவன் பார்வையிலிருந்து தப்பிக்கவும் இருந்திருக்கும். மின்பாரிகளின் நகரங்கள், அருங்காட்சியகங்கள், கலைகள் எல்லாவற்றையும் ரசித்து விர் ஓர் அறிக்கை எழுதிக்கொண்டு வருகிறான். லாண்டோ அதை உட்கார்ந்து திருத்துகிறார், ஒவ்வொரு பாராட்டையும் ஏளனமாக மாற்றி, அரசவைக்கு என்ன பிடிக்குமோ அப்படி. சின்னக் காட்சிதான், சிரிப்பும் வரும். ஆனால் அறிக்கைகள் எப்படித் தயாராகின்றன, மேலே போகப் போக உண்மை எப்படி உருமாறுகிறது என்பதை விர் அங்கே பக்கத்தில் நின்று கற்றுக்கொள்கிறான். பேரரசு தாளில் எழுதியதை நம்பும். தாளில் என்ன எழுதினாலும் நம்பும்.

'சிக் ட்ரான்ஸிட் விர்' என்ற எபிசோடில் இது வெளியே வருகிறது. ஆபிரகாமோ லிங்கோல்னி என்று ஒரு சென்டாரி அதிகாரி, நார்ன் கோளின் முகாம்களிலிருந்து நார்ன்களை வேறு இடங்களுக்கு மாற்ற உத்தரவு மேல் உத்தரவாகப் போட்டிருக்கிறார். மாற்றப்பட்ட நார்ன்கள் எல்லாரும் அப்புறம் இறந்துவிட்டதாகப் பதிவு. கிட்டத்தட்ட இரண்டாயிரம் பேர். முதலில் பார்க்கும்போது ஏதோ கொலைக்கூட்டத்தின் வேலை மாதிரித் தெரியும். ஆனால் லிங்கோல்னி என்று ஒருவர் இல்லவே இல்லை. பூமியின் வரலாற்றிலிருந்து, அடிமைத்தனத்தை ஒழித்தவரின் பெயரை எடுத்துச் சென்டாரி வாலைச் சேர்த்து விர் உருவாக்கிய ஆள் அது. இறந்ததாகப் பதிவானவர்கள் எல்லாரும் உயிரோடு வெளியே போய்விட்டார்கள்.

இதை எத்தனை தடவை நினைத்தாலும் சிலிர்க்கிறது. லிஃப்டில் ஜிகார் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். தொடர் அப்படி வெளிப்படையாகச் சொல்லவில்லை, என் வாசிப்பு. செத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்க முடியாது, சரி, அப்படியானால் இன்னும் சாகாதவர்களைச் செத்தவர்கள் பட்டியலில் எழுதி வெளியே அனுப்பிவிடுவது. அவன் துப்பாக்கி எடுக்கவில்லை, கப்பலைக் கடத்தவில்லை, பிரசங்கம் செய்யவில்லை. படிவம் நிரப்பினான், முத்திரை வைத்தான், பட்டியல் தயார் செய்தான். அவனுக்குத் தெரிந்த வேலை அது. கொடுமையை நடத்துகிற அதே ஃபைல்களைக் கொண்டு அதற்குள் ஓட்டை போட்டான்.

இது கதையில் மட்டும் நடக்கிற விஷயமில்லை. 1940 கோடையில் லித்துவேனியாவின் கௌனாஸ் நகரில் ஜப்பானியத் துணைத் தூதராக இருந்த சியுனே சுகிஹாரா, போலந்திலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் தப்பி வந்து வாசலில் நின்ற யூத அகதிகளுக்கு விசா கொடுக்கலாமா என்று டோக்கியோவிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். விதிகளை மீறிக் கொடுக்கக் கூடாது என்றுதான் பதில் வந்தது. அவர் கொடுத்தார். ஜப்பான் வழியாகக் கடந்துபோவதற்கான விசா, கையாலேயே எழுதி, நாள் முழுக்க உட்கார்ந்து, தூதரகத்தை மூடிவிட்டுக் கிளம்ப வேண்டிய நாள் வரும்வரை. அவர் வைத்திருந்த பட்டியலில் 2,100க்கு மேற்பட்ட பெயர்கள். ஒரே விசாவில் குடும்பமே போயிருக்கிறது என்பதால் தப்பியவர்கள் அதைவிட அதிகம். போருக்குப் பிறகு 1947இல் வெளியுறவுத் துறை வேலை போயிற்று. அதே 1940 ஜூனில் பிரான்சின் போர்தோ நகரில் போர்ச்சுகல் தூதரக அதிகாரி அரிஸ்டிடெஸ் டி சௌசா மென்டஸ், லிஸ்பனின் உத்தரவை மீறி வந்தவர்களுக்கெல்லாம் விசா எழுதிக் கொடுத்தார். அவருடைய அரசு அவரைத் தண்டித்தது, வறுமையில் இறந்தார். இவர்கள் யாரும் பெரிய பதவியில் இருந்தவர்கள் இல்லை. மாநாட்டு மேசைகளில் உட்கார்ந்தவர்கள் இல்லை. கையில் ஒரு முத்திரையும் பேனாவும் இருந்தது, எதிரில் வரிசை நின்றது. ஸ்ட்ராசின்ஸ்கி குறிப்பாக யாரை மனதில் வைத்து எழுதினார் என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை, விரைப் பார்க்கும்போது எனக்கு இவர்கள் ஞாபகம் வருகிறார்கள், அவ்வளவுதான்.

அந்த எபிசோடிலேயே இன்னொரு பயங்கரம் இருக்கிறது. விருக்குக் குடும்பம் நிச்சயம் செய்த பெண், லிண்டிஸ்டி, அவனைப் பார்க்க வருகிறாள். அழகானவள், அன்பானவள், விர் மேல் உண்மையாகவே ஆசை வைத்திருப்பவள். பேச்சுவாக்கில், தன் அப்பாவோடு சேர்ந்து நார்ன்களைக் கொன்றதை, தோட்டத்தில் களை பிடுங்கியது போலச் சொல்கிறாள். ஒரு நார்னைக் கட்டிப் போட்டு, கத்தியோடு விருக்குப் பரிசாகக் கொடுக்கிறாள், நீங்களே கொல்லுங்கள் என்று. அவள் முகத்தில் வெறுப்பே இல்லை, அதுதான் உறைய வைக்கிறது. விர் எந்த மாதிரி வீடுகளிலிருந்து வந்தவன், அவன் வயதுக்காரர்கள் எல்லாரும் எதைச் சாதாரணம் என்று நினைத்து வளர்ந்தார்கள் என்று அந்த ஒரு காட்சியில் தெரிந்துவிடுகிறது. அவனை வீட்டில் மானக்கேடு என்று நினைத்ததன் அர்த்தமும் அங்கேதான் எனக்கு முழுசாக விளங்கியது. அவன் அந்த வீட்டில் தேறாதவன். தேறியிருந்தால் லிண்டிஸ்டி மாதிரி ஆகியிருப்பான்.

லிங்கோல்னி விஷயம் லாண்டோவுக்குத் தெரிந்ததும் கத்துகிறார், ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. மேலிடத்தைச் சமாளித்து, மூடி மறைத்து, விரை மின்பார் பதவியிலிருந்து எடுத்துத் திரும்பத் தன் உதவியாளனாக்கிக்கொள்கிறார். இரண்டு பேருக்கும் உள்ள உறவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அதற்கு முன்பு, லாண்டோவின் செல்வாக்கு ஏறியபோது, இப்போது இது நல்ல பதவியாகிவிட்டது, விரை எடுத்துவிட்டு வேறு பெரிய வீட்டுப் பையனைப் போடலாம் என்று ஊரிலிருந்து உத்தரவு வந்தது. விர் போனால் நானும் போகிறேன் என்று லாண்டோ நின்றுவிட்டார். கோள்களை எரிக்கத் துணிந்த மனிதர் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. தன்னை இன்னும் தப்பு என்று சொல்லக்கூடிய ஒரே ஆளை இழக்க அவருக்கு மனமில்லை என்று நினைக்கிறேன்.

சரி, எல்லாரும் பேசும் அந்தக் கையசைப்புக்கு வருகிறேன். மார்டன் ஒருநாள் விரிடமும் அதே கேள்வியைக் கேட்கிறான், உனக்கு என்ன வேண்டும் என்று. பேரரசின் பெருமையைக் கேட்ட லாண்டோவும், பழியைக் கேட்ட ஜிகாரும் பதில் சொன்ன அதே கேள்வி. விர் நின்று, தடுமாறாமல், அவன் தொடரில் தடுமாறாமல் பேசும் முதல் சில நேரங்களில் ஒன்று அது, உன் தலையை வெட்டி ஈட்டியில் குத்தி வைத்திருப்பதைப் பார்க்கும் வரை உயிரோடு இருக்க வேண்டும், சில உதவிகளுக்கு விலை மிக அதிகம் என்று அடுத்த பத்துத் தலைமுறைக்கும் அது எச்சரிக்கையாக இருக்க வேண்டும், உயிரில்லாத உன் கண்களைப் பார்த்து இப்படிக் கையசைக்க வேண்டும் என்கிறான். சொல்லிக்கொண்டே விரல்களை மட்டும் ஆட்டிக் காட்டுகிறான், குழந்தைக்கு டாட்டா காட்டுவது போல. நான்காம் சீசனில் நிழல்களை விரட்ட லாண்டோ மார்டனின் தலையை வாங்கிவிடுகிறார். அரண்மனைத் தோட்டத்தில் ஈட்டியில் அந்தத் தலை. விர் வந்து பார்த்து, விரல்களை ஆட்டுகிறான்.

ரசிகர்களுக்கு இது கொண்டாட்டமான இடம், எனக்கும்தான். ஆனால் அதற்குச் சற்று முன்னால் நடந்ததை நினைத்துக்கொண்டு பார்த்தால் அந்தக் கையில் வேறொன்றும் தெரியும். துர்ஹானுக்குப் பின் அரியணை ஏறிய கார்டேஜியா என்ற பைத்தியக்காரப் பேரரசனைக் கொல்ல லாண்டோ திட்டம் போடுகிறார். சென்டாரிகளுக்கு இரண்டு இதயம், இரண்டையும் நிறுத்தும் விஷ ஊசி. எல்லாம் லாண்டோ செய்வதாகத்தான் ஏற்பாடு. கடைசி நிமிடத்தில் எல்லாம் தப்பிப்போய், ஊசியைக் குத்துவது விரின் கையாகிவிடுகிறது. அப்புறம் அவன் குடித்துவிட்டு உட்கார்ந்து அழுகிறான். தனக்கு ஒரு நல்ல வேலை, சின்னதாக ஒரு பட்டம், அவ்வளவுதான் வேண்டியிருந்தது என்று புலம்புகிறான். கோடிக்கணக்கானவர்களைக் காப்பாற்றிய கொலை அது, யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவனுக்குத் தாங்கவில்லை. அதனால் மார்டனின் தலைக்கு முன் சிரித்துக்கொண்டு கையசைப்பவன், ஏற்கனவே தன் கையால் ஓர் உயிரை எடுத்துவிட்டு அழுதவன். அந்த வரிசையில் பார்த்தால் அது பழைய விரின் வெற்றிக் கையசைப்பாக எனக்குத் தெரிவதில்லை. ஏதோ ஒன்று அவனுக்குள் கெட்டியாகிவிட்டது.

விர் ஒருநாள் பேரரசனாவான் என்பது மூன்றாம் சீசனிலேயே தெரியும். எதிர்காலம் தெரிந்த மொரெல்லா சீமாட்டி, லாண்டோ, விர் இருவரிடமும், நீங்கள் இரண்டு பேரும் பேரரசர் ஆவீர்கள், ஒருவர் இறந்த பின் மற்றவர் என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த வேடத்தில் வந்தவர் மேஜல் பேரட், ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியின் மனைவி. இரண்டு தொடர் ரசிகர்களும் அப்போது அடித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் இங்கே வந்து நடித்துக் கொடுத்தது நல்ல மனசு. கடைசி எபிசோடில், 2281இல், விர் பேரரசனாகவே வருகிறான். இறந்துகொண்டிருக்கும் பழைய நண்பர் ஷெரிடனை, ஒரு காலத்தில் நிலையத்தின் தளபதியாக இருந்தவரை, பார்க்கக் கூப்பிட்டவர்களில் அவனும் ஒருவன். விருந்தில் உட்கார்ந்து லாண்டோவைப் பற்றி ஒரு கதை சொல்கிறான். எல்லாரும் அருவருக்கும் பக்மரா இனத்தார் பாடுவதை ஒரு தடவை இருவருமாகக் கேட்டதும், லாண்டோ கண் கலங்கியதும். தங்கள் நாட்டின் நாற்பத்தொன்பது கடவுள்களில் ஒருவரையும் நம்பாத லாண்டோ, கடவுள் என்று ஒருவர் இருந்தால் இந்தக் குரலில்தான் பாடுவார் என்று சொன்னதும். அரியணையில் இருப்பவன், தனக்கு முன் இருந்தவரைப் பற்றிச் சொல்ல இந்தக் கதையைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறான்.

ஸ்டீவன் ஃபர்ஸ்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அனிமல் ஹவுஸ் என்ற 1978 நகைச்சுவைப் படத்தில் ஃப்ளவுண்டராக வந்து அமெரிக்கா முழுக்கத் தெரிந்த முகம் அவர். அந்த முகத்தை வைத்து விரைச் சிரிப்புக்காரனாகவே முடித்திருக்கலாம், ஆரம்பத்தில் தொடரும் அப்படித்தான் பயன்படுத்தியது. அவர் அந்தத் தடுமாற்றத்தையும் பதற்றத்தையும் விட்டுவிடாமல், அதற்குள்ளேயே உறுதியைக் கொண்டுவந்தார். ஐந்தாம் சீசன் விரும் கைகளைப் பிசைகிறவன்தான், ஆனால் அந்தக் கையைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள். தொடரின் சில எபிசோடுகளை இயக்கியும் இருக்கிறார், நான்காம் சீசனின் கடைசி எபிசோடு அவர் இயக்கியது. பல வருடம் நீரிழிவோடு போராடி 2017 ஜூனில் இறந்தார். பீட்டர் ஜுராசிக்கின் லாண்டோவுக்கும் ஆண்ட்ரியாஸ் கட்சுலஸின் ஜிகாருக்கும் கிடைத்த பாராட்டில் பாதியாவது இவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். அந்த இருவரின் பெரிய நடிப்பு நிற்பதற்கு எதிரில் ஒரு சாதாரண ஆள் வேண்டியிருந்தது, அதை அவர் கொடுத்தார்.

ஒரே ஒரு குறை எனக்கு. பேரரசன் விரை நாம் அந்த விருந்தில்தான் பார்க்கிறோம், அரியணையில் பார்ப்பதில்லை. லாண்டோவும் ஜிகாரும் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்தபடி இறந்தாயிற்று. துர்ஹானுக்கு இருந்த அதிகாரம் இப்போது விரிடம் இருக்கிறது, சொல்ல வேண்டிய வார்த்தை அவனிடம் ஏற்கனவே இருக்கிறது. பேரரசனாக முதல் தடவை நார்ன் கோளுக்குப் போயிருப்பான் என்றே நம்புகிறேன், லிஃப்டில் சொன்னதை இந்தத் தடவை ஓர் அரசின் சார்பில் சொல்லியிருப்பான். அவன் கண் எங்கே அலைந்தது, வார்த்தை வர எவ்வளவு தாமதமானது, எதிரில் நின்ற நார்ன்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று பார்க்க ஆசை. முகாமிலிருந்து லிங்கோல்னியின் பட்டியலில் வெளியே போன இரண்டாயிரம் பேரில் சிலராவது அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள்.